புல்லுருவி விதையைப் பரப்பும் மோனிட்டோ தெல் மோந்தே: இந்த வேலையைப் பறவைகள் ஏன் செய்வதில்லை?

கேள்வி கேட்டவர்: காட்டோரம்

அனைவருக்கும் வணக்கம். சிலியின் தென்பகுதியிலும் அதை ஒட்டிய அர்ஜென்டினாவின் மேற்கு ஓரத்திலும் உள்ள குளிர்ந்த மழைக்காடுகளில் வாழும் மோனிட்டோ தெல் மோந்தே என்னும் சிறு பைப்பாலூட்டியைப் பற்றி அண்மையில் விரிவாகப் படித்து வருகிறேன். ட்ரோமிசியோப்ஸ் கிளிராய்டெஸ் என்பது இதன் அறிவியல் பெயர். வாலை நீக்கிப் பார்த்தால் உடல் 8 முதல் 13 சென்டிமீட்டர் வரைதான் இருக்கும். எடை பருவத்துக்கு ஏற்ப 16 முதல் 42 கிராம் வரை மாறுகிறது. கண்ணைச் சுற்றிக் கரிய வளையமும் குட்டையான மூக்கும் அடர்ந்த மென்மயிரும் கொண்ட இந்த விலங்கு, இரவில் மரக்கிளைகளிலும் மூங்கில் புதர்களிலும் ஏறித் திரிந்து பூச்சிகளையும் பழங்களையும் உண்கிறது.

இதைப் பற்றிய கட்டுரைகள் அனைத்திலும் தவறாமல் வரும் ஒரு செய்திதான் எனக்குப் புரியாமல் இருக்கிறது. அந்தக் காடுகளில் வளரும் டிரிஸ்டெரிக்ஸ் கோரிம்போசஸ் என்னும் புல்லுருவியின் விதைகளைப் பரப்புவது இந்த விலங்குதான் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் படித்தவரையில், உலகின் பிற பகுதிகளில் புல்லுருவிகளின் விதைகளைப் பரப்புபவை பெரும்பாலும் பறவைகளே. ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மலர்கொத்திகள் அந்த வேலையைச் செய்கின்றன. பறவை பழத்தை உண்டு, வேறொரு மரத்துக்குப் பறந்துபோய்க் கிளையின் மேல் எச்சமிடுகிறது; பசை படிந்த விதை அங்கேயே ஒட்டி முளைக்கிறது. இந்த ஏற்பாட்டில் பறவையின் சிறகுக்குத்தான் முக்கியப் பங்கு. தென் அமெரிக்கக் காடுகளிலும் பழந்தின்னிப் பறவைகளுக்குக் குறைவில்லை. அப்படியிருக்க, பறக்க முடியாத, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு விலங்கை அந்தச் செடி நம்பியிருப்பது ஏன்?

இதனோடு சேர்ந்த இன்னொரு ஐயமும் உண்டு. மோனிட்டோ குளிர்காலத்தை உறக்கத்தில் கழிக்கும் விலங்கு என்கிறார்கள். ஆண்டின் கணிசமான பகுதியைக் கூட்டுக்குள் அசைவின்றிக் கழிக்கும் ஒன்று, காட்டின் ஒரு முக்கியமான செடிக்கு எப்படி நம்பகமான துணையாக இருக்க முடியும்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


மறுமொழி: விதைமுளை

நல்ல கேள்வி. “இந்த விலங்கு அந்தச் செடியைப் பரப்புகிறது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகரும் கட்டுரைகள், அது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. உங்கள் கேள்விக்கான விடை அந்த “எப்படி”யில்தான் இருக்கிறது.

முதலில் வரலாறு. 2000ஆம் ஆண்டு வரை அந்தப் புல்லுருவியின் விதையையும் பறவைதான் பரப்புகிறது என்றே பொதுவாக எண்ணியிருந்தார்கள். அர்ஜென்டினாவின் பாரிலோச்சே நகரை அடுத்த ஷாவ்-ஷாவ் காப்புக்காட்டில் ஆய்வு செய்த கில்லெர்மோ அமிக்கோ, மார்செலோ ஐசென் ஆகிய இருவரும் அந்த ஆண்டு நேச்சர் இதழில் ஒரு குறுங்கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் காட்டில் விதைகளைப் பரப்புவது மோனிட்டோதான் என்பதை முதன்முதலாகக் காட்டியது அக்கட்டுரையே. இரவாடியான ஒரு விலங்கு செய்யும் வேலையைப் பகலில் தொலைநோக்கியோடு நின்று தேடினால் எப்படித் தெரியும்? இவ்வளவு காலம் அது கண்ணில் படாமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இனிச் செடியைப் பார்ப்போம். உள்ளூரில் கின்ட்ரால் என்று அழைக்கப்படும் இந்தப் புல்லுருவிக்குச் சிவந்த குழல் வடிவப் பூக்கள் உண்டு. குளிரில் மற்றச் செடிகள் பெரும்பாலும் பூக்காத மாதங்களிலும் இது பூத்துக்கொண்டிருக்கும். அந்தக் காடுகளின் ரீங்காரச் சிட்டுக்குக் குளிர்காலத்தில் தேன் கிடைக்கும் முக்கிய இடம் இதுவே. மகரந்தச் சேர்க்கையைச் செய்வதும் அந்தச் சிட்டுதான். ஆக, பறவையை ஈர்க்கத் தெரியாத செடி அல்ல இது. பூவுக்குச் சிவப்பைப் பூசிக்கொண்ட இந்தச் செடி, பழத்துக்கு மட்டும் எந்த நிறத்தையும் பூசிக்கொள்ளவில்லை. அந்தக் காடுகளில் பழம் கனிந்த பிறகும் பச்சையாகவே இருக்கிறது. இலைகளுக்கு நடுவே தொங்கும் பச்சைப் பழம் பகலில் பறந்து திரியும் பறவையின் கண்ணில் எளிதில் படுவதில்லை. இருட்டில் கிளை கிளையாக ஏறி, மோப்பம் பிடித்துக்கொண்டு வரும் விலங்குக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை.

பழம் கனியும் காலம் அங்கு கோடையாகும். அதாவது டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்கள். உங்கள் இரண்டாவது ஐயத்துக்கும் இதிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. மோனிட்டோ விழித்திருந்து, சுறுசுறுப்பாக மேய்ந்து, குளிர்காலத்துக்குக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் மாதங்களும் இவைதான். அது உறங்கும்போது செடிக்கு அதன் தேவை இல்லை.

அடுத்தது விதை. ஒவ்வொரு பழத்திலும் ஒரே ஒரு விதைதான் இருக்கும். அதைச் சுற்றி இழைபோல் நீளும் பசை இருக்கும். மோனிட்டோவின் பற்கள் பூச்சிகளைக் கடித்துத் தின்பதற்கு ஏற்ற, கூரிய முனை கொண்ட சிறு பற்கள். அவை விதையை அரைப்பதில்லை. எனவே விதை சிதையாமல் குடலைக் கடந்து வெளியே வருகிறது. எலி போன்ற கொறிணிகளிடம் அகப்பட்டிருந்தால் பெரும்பாலும் அந்த விதைக்கு அத்தோடு கதை முடிந்திருக்கும். பழத்தோல் உரியாமல் கீழே விழுந்த விதையோ தரையில் கிடந்து வீணாகிறது. குடலைக் கடந்து வந்த விதைதான் முளைக்கிறது.

முளைப்பது மட்டும் போதாது. எங்கே முளைக்கிறது என்பதும் முக்கியம். புல்லுருவி விதை மண்ணில் விழுந்தால் பயனில்லை. பருமனான அடிமரத்திலும் அதன் வேர் எளிதில் நுழையாது. உயிருள்ள இளங்கிளையில் ஒட்டிக்கொண்டால்தான் அதற்கு வாழ்வு. மோனிட்டோ தன் இரவைக் கழிப்பது அப்படிப்பட்ட கிளைகளில்தான். பின்னங்கால் பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக வளைந்து கிளையைப் பற்றிக்கொள்கிறது. வால் முழுவதும் மயிர் அடர்ந்திருக்க, நுனியின் அடிப்பக்கத்தில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் தோல் வெறுமையாக இருக்கும். சுற்றிப் பிடிக்கும்போது வழுக்காமல் இருக்க அது உதவுகிறது. இப்படி நடந்துகொண்டே எச்சமிடுவதால், பசை இழையில் கோத்த பல விதைகள் சரம்போல் வெளிவந்து நேராக மெல்லிய கிளைமேல் படிகின்றன. அந்தப் பகுதியில் மாக்கி என்னும் சிறுமரத்தின் கிளைகளில் இத்தகைய சரங்களைக் காணலாம். இரண்டு மூன்று விதைகள் கிளையின் மேற்புறத்தில் ஒட்டியிருக்க, எஞ்சியவை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒட்டிய விதையிலிருந்து பச்சைநிறத் தண்டு ஒன்று வளைந்து வந்து, அதன் நுனி தட்டையாக விரிந்து பட்டையில் அழுந்தியிருக்கும். தன் எடையில் கணிசமான பங்கைப் பழமாக விழுங்கிய ஒரு சிறு விலங்கு ஒரே இரவில் எத்தனை கிளைகளில் இப்படி நட்டுவிட்டுப் போக முடியும் என்று எண்ணிப் பார்த்தால், சிறகு இல்லாதது அவ்வளவு பெரிய குறையாகத் தோன்றாது.

குறை இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். மோனிட்டோ தன் எல்லைக்குள்ளேயே சுற்றி வருவதால், விதைகள் தாய்ச்செடியிலிருந்து பெரும்பாலும் சில பத்து மீட்டர்களுக்கு அப்பால் செல்வதில்லை. அதனால் அந்தக் காடுகளில் கின்ட்ரால் திட்டுத்திட்டாகக் கூடி வளர்கிறது. தொலைவில் உள்ள புதிய இடத்தைப் பிடிப்பதற்குப் பறவைதான் ஏற்றது என்பதில் ஐயமில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் “பறவைகள் ஏன் இல்லை” என்ற கேள்விக்கு நேரடியான விடை இதுதான். இதே புல்லுருவி வடக்கே, நடுச் சிலியின் வறண்ட புதர்க்காடுகளிலும் வளர்கிறது. அங்கே மோனிட்டோ கிடையாது. அங்கே பழம் கனிந்ததும் மஞ்சளாகிறது. தெங்கா என்னும் பறவை முதலியவை அதை உண்டு விதையைப் பரப்புகின்றன. ஒரே இனச் செடி, இரண்டு நிலப்பகுதிகள், இரண்டு நிறங்கள், இரண்டு வகைத் துணைகள். ஆகவே செடி பறவையை ஒதுக்கிவிட்டது என்பதைவிட, தெற்குக் காடுகளில் கனியும் காலத்துக்கும் இடத்துக்கும் மோனிட்டோ பொருந்திவிட்டது என்று சொல்வதே சரியாக இருக்கும்.


மறுமொழி: இரவாடி

விதைமுளையின் விளக்கத்தில் நான் சேர்க்க விரும்புவது உறக்கத்தைப் பற்றி மட்டும். “குளிர்காலம் முழுவதும் தூங்குகிறது” என்பது நிலைமையைச் சற்று எளிமையாக்கிச் சொல்வது. உண்மையில் நடப்பது அதைவிடச் சுவையானது.

முப்பது கிராம் எடையுள்ள வெப்பக்குருதி விலங்குக்குக் குளிர் ஒரு கணக்குச் சிக்கல். உடல் சிறிதாகச் சிறிதாக, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடுகிறது. வெப்பம் வேகமாக வெளியேறுகிறது. அதை ஈடுகட்ட ஓயாமல் உண்ண வேண்டும். உண்பதற்கு வேண்டிய பூச்சிகளும் பழங்களும் அந்த மாதங்களில் அரிதாகிவிடுகின்றன. இதற்கு மோனிட்டோ கண்ட வழி, உடலைச் சூடாக வைத்துக்கொள்ளும் முயற்சியையே தற்காலிகமாகக் கைவிடுவது. உடல் வெப்பநிலை கூட்டுக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலைக்கு நெருங்கும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மூச்சும் இதயத் துடிப்பும் மிகவும் மெதுவாகிவிடுகின்றன. உடல் செலவிடும் ஆற்றல் விழித்திருக்கும் நிலையில் ஆவதில் மிகச் சிறிய பங்காகிறது. இந்நிலை ஒரே மூச்சாகப் பல மாதங்கள் நீடிப்பதில்லை. சில நாள்கள் அப்படிக் கிடந்த பின் உடல் தானாகவே சூடேறி விழிப்பு வருகிறது. பிறகு மீண்டும் இறங்குகிறது. சிலியின் உடலியங்கியல் அறிஞர் பிரான்சிஸ்கோ பொசினோவிக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இதை நன்றாக விளக்கியிருக்கின்றன.

குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, இந்த ஏற்பாடு குளிர்காலத்துக்கு மட்டும் உரியதல்ல என்பது. வசந்தத்திலோ கோடையிலோகூடத் திடீரெனக் குளிர்ந்து, உணவும் கிடைக்காமல் போனால், மோனிட்டோ சில மணிநேரம் இதே நிலைக்குப் போய்விட்டு மீண்டு வரும். அதாவது இதைப் பருவத்தின் அடையாளம் என்பதைவிட, தட்டுப்பாடு வரும்போதெல்லாம் கையிலெடுக்கும் சிக்கன முறை என்று கருதுவதே பொருத்தம். தென் அமெரிக்காவின் மற்றச் சில சிறிய பைப்பாலூட்டிகளும் ஒருநாளைக்குள் முடியும் குறுகிய மந்தநிலைக்குச் செல்வதுண்டு. நாள்கணக்கில் நீளும் ஆழ்ந்த குளிர்கால உறக்கத்துக்குப் பெயர்பெற்றது அந்தக் கண்டத்தில் மோனிட்டோதான்.

இதற்கான முன்னேற்பாடு வாலில் தெரியும். கோடையின் இறுதியில் வாலின் அடிப்பகுதி கொழுப்பால் பருத்து, கூம்புபோல் ஆகிவிடும். வசந்தத்தில் பிடிபடும் விலங்கின் வாலோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே இனம்தானா என்று கேட்கத் தோன்றும். விதைமுளை சொன்ன புல்லுருவிப் பழங்கள் இந்தக் கொழுப்புச் சேமிப்புக் காலத்தில்தான் கனிகின்றன. ஆகவே இது ஒருபக்கத் தயவு அல்ல. விலங்குக்கும் அந்தப் பழங்களின் தேவை இருக்கிறது.

கூட்டைப் பற்றியும் ஒரு சொல். அந்தக் காடுகளின் அடிமட்டத்தில் கீலா, கொலிவே என்னும் மூங்கில் வகைகள் புதராக மண்டிக் கிடக்கும். நீர் எளிதில் ஊறாத அவற்றின் இலைகளை உருண்டையாகப் பின்னி, உட்புறத்தில் பாசியை அடர்த்தியாகப் பரப்பி மோனிட்டோ கூடு கட்டுகிறது. மரப்பொந்திலோ மூங்கில் புதரின் நடுவிலோ விழுந்த மரத்தின் அடியிலோ அது இருக்கும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் காட்டில், உலர்ந்த ஓர் உட்புறத்தை உருவாக்குவதுதான் அதன் உயிர்ப்பிரச்சினை. குளிர்காலத்தில் ஒரே கூட்டில் சில விலங்குகள் ஒன்றோடொன்று நெருங்கிச் சுருண்டு கிடப்பதும் உண்டு. வெளியே வெப்பத்தை இழக்கும் பரப்பு அதனால் குறைகிறது.


காட்டோரம்:

இருவருக்கும் மிக்க நன்றி. வடக்கில் மஞ்சள், தெற்கில் பச்சை என்ற செய்தி நான் எங்கும் படிக்காதது. இப்போது இன்னொரு கேள்வி எழுகிறது. சில நூல்களில் இந்த விலங்கை ஒப்போசம் (அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஒருவகைப் பைப்பாலூட்டி) என்றே குறிப்பிடுகிறார்கள்; வேறு சிலவற்றில் இது ஒப்போசமே அல்ல, ஆஸ்திரேலிய விலங்குகளின் உறவு என்கிறார்கள். “வாழும் புதைபடிவம்” என்றும் சொல்லப்படுகிறது. புல்லுருவிக்கும் இதற்கும் உள்ள உறவு ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைமையானது என்று ஓரிடத்தில் படித்தேன். இவற்றில் எதை ஏற்பது?


மறுமொழி: தென்கண்டம்

தோற்றத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒப்போசம் என்று சொன்னவர்களைக் குறைகூற முடியாது. எலியளவு உடல், பற்றும் வால், இரவு வாழ்க்கை, மரமேறும் கால்கள் என எல்லாமே அமெரிக்காவின் சிறிய எலி ஒப்போசங்களை நினைவூட்டுபவை. 1894இல் விலங்கியலாளர் ஓல்ட்ஃபீல்டு தாமஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டியபோதும், அதற்குப் பின் நெடுங்காலமும் இதை ஒப்போசங்களின் வரிசையிலேயே வைத்திருந்தார்கள்.

அந்த எண்ணத்தை அசைத்தது ஒரு கணுக்கால். 1982இல் ஃபிரெடெரிக் சலாய் பைப்பாலூட்டிகளின் கணுக்கால் எலும்புகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒப்போசங்களில் கணுக்கால் எலும்பும் குதிகால் எலும்பும் ஒன்றையொன்று தொடும் பரப்பு இரண்டு தனித்தனி முகங்களாகப் பிரிந்திருக்கும். ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளில் அவை இணைந்து ஒரே தொடர்ச்சியான முகமாக இருக்கும். மோனிட்டோவின் கணுக்கால் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கங்காரு, கோவாலா முதலியவற்றோடு இந்தச் சிலி நாட்டு விலங்கையும் ஒரே பெரும்பிரிவில் சேர்க்க வேண்டும் என்று அவர் முன்மொழிந்தபோது பலர் தயங்கினார்கள். வேறு சான்றுகளும் பின்னர் அதே திசையைக் காட்டின. எடுத்துக்காட்டாக, ஒப்போசங்கள் உள்ளிட்ட அமெரிக்கப் பைப்பாலூட்டிகளில் விந்தணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து செல்வது வழக்கம். மோனிட்டோவில் அந்த இணைவு இல்லை, ஆஸ்திரேலிய விலங்குகளிலும் இல்லை. 2010இல் மரபணுத் தொகுதியில் இடம்மாறிப் பதிந்த துணுக்குகளை ஒப்பிட்ட ஆய்வு, ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகள் அனைத்தும் சேர்ந்த கிளைக்கு மோனிட்டோவே மிக நெருங்கிய உயிருள்ள உறவு என்று காட்டியது. மைக்ரோபயோதீரியா என்னும் முழு வரிசையில் இன்று எஞ்சியிருப்பது இந்த ஒரு பேரினமே.

வாழ்க்கை முறையிலும் ஒப்போசங்களிலிருந்து வேறுபாடு தெரிகிறது. எலி ஒப்போசங்களின் பெண்களுக்கு வயிற்றுப் பை கிடையாது. குட்டிகள் முலைக்காம்பைப் பற்றியபடி வெளிப்படையாகத் தொங்கும். ஓர் ஈற்றில் பத்துக் குட்டிகள்கூடப் பிறப்பதுண்டு. மோனிட்டோவுக்கு நல்ல பை உண்டு; அதனுள் நான்கே காம்புகள். வசந்தத்தில் இணைசேர்ந்து ஆண்டுக்கு ஓர் ஈற்றுதான் ஈனுகிறது. குட்டிகள் முதலில் பையிலும் பிறகு கூட்டிலும் வளர்ந்து, அதன் பின் தாயின் முதுகில் ஏறிச் சுற்றித் திரியும். இனப்பெருக்கத்துக்குத் தயாராக இரண்டாம் ஆண்டாகிவிடுகிறது. இந்த அளவுள்ள விலங்குக்கு இது நிதானமான நடை. வாழ்நாளில் ஒரு பகுதியை ஆற்றல் செலவழிக்காமல் கழிப்பதால்தான் அப்படி நிதானமாக இருக்க முடிகிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அப்படியானால் இந்த உறவினர்கள் கடலைக் கடந்தது எப்படி? கடக்கவில்லை, அன்று கடலே குறுக்கே இல்லை. தென் அமெரிக்காவும் அண்டார்க்டிக்காவும் ஆஸ்திரேலியாவும் தரைவழியாகத் தொடர்புடன் இருந்த காலத்தில், அண்டார்க்டிக்காவில் பனிப்பாறைக்குப் பதிலாகக் காடு இருந்தது. அண்டார்க்டிக்கத் தீபகற்பத்தை ஒட்டிய சீமோர் தீவில் இயோசீன் காலப் (ஏறக்குறைய 5.6 முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட) பாறைகளில் பைப்பாலூட்டிகளின் பற்கள் கிடைத்திருக்கின்றன. மோனிட்டோவின் வரிசையைச் சேர்ந்தவையும் அவற்றில் உண்டு. தென் அமெரிக்காவின் தென்கோடிப் பகுதியான பதகோனியாவில் கிடைத்த பற்களைக் கொண்டு ஃப்ளோரெந்தினோ அமெகினோ 1887ஆம் ஆண்டிலேயே மைக்ரோபயோதீரியம் என்னும் அழிந்துபோன பேரினத்துக்குப் பெயரிட்டிருந்தார். மோனிட்டோ இன்று வாழும் காட்டில் நிற்கும் நோத்தோஃபாகஸ் என்னும் தென்பகுதி பீச் மரங்களின் உறவுகளும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கின்றன என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, “வாழும் புதைபடிவம்” என்ற சொற்றொடரை நான் பயன்படுத்தமாட்டேன். வரிசை பழையது, அதற்காக இன்றைய விலங்கு மாறாமல் நின்றுவிட்டது என்று பொருளில்லை. 2016இல் இதே பேரினத்தை மூன்று இனங்களாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரு முன்மொழிவு வந்தது. மோனிட்டோ பரவியுள்ள நிலப்பகுதியின் வடக்கில் வாழும் இனத்துக்கு, இரவாடி குறிப்பிட்ட பொசினோவிக்கின் பெயரே சூட்டப்பட்டது. பின்னர் நடந்த மரபணு ஆய்வு மூன்றாவதைத் தனி இனமாக ஏற்கவில்லை, எஞ்சியது இரண்டு. மாறாமல் நின்றுவிட்ட ஒன்றில் இந்தக் கிளைத்தலுக்கு வேலை இல்லை.

புல்லுருவியோடு உள்ள உறவு ஆறு கோடி ஆண்டுப் பழைமை உடையது என்பதையும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். விலங்கின் வரிசை பழையது, புல்லுருவிக் குடும்பமும் தென்கண்டங்களில் தோன்றிய பழைய குடும்பம் என்ற இரண்டையும் சேர்த்து, இருவருக்கும் இடையிலான உறவும் அவ்வளவு பழையதாக இருக்கலாம் என்ற கருத்து தொடக்கத்தில் முன்வைக்கப்பட்டது. கேட்பதற்கு அழகான கருத்துதான். விதைமுளை சொன்னதை வைத்தே அதைச் சோதித்துப் பாருங்கள். ஒரே இனச் செடி வடக்கே பறவையோடும் தெற்கே மோனிட்டோவோடும் வாழ்கிறது. அதற்கு மிக நெருங்கிய உறவான, கள்ளிச் செடிகளின் உடலுக்குள் வாழ்ந்து பூவையும் பழத்தையும் மட்டும் வெளியே நீட்டும் இன்னொரு டிரிஸ்டெரிக்ஸ் இனத்தின் விதையைப் பரப்புவதும் தெங்காப் பறவையே. அந்தப் பேரினமே ஆண்டிஸ் மலைத்தொடரை ஒட்டி மட்டும் காணப்படுவது. உறவில் உள்ள இருவரும் பழைய குடும்பத்தினர் என்பதால், உறவும் பழையது என்று ஆகிவிடாது.


மறுமொழி: விதைமுளை

தென்கண்டம் சொன்ன கடைசிப் பகுதியோடு முழுமையாக உடன்படுகிறேன். உறவு பழையதோ புதியதோ, இன்று அது எவ்வளவு எளிதில் அறுந்துவிடுகிறது என்பதைக் களஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

2007இல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ச்சியான காட்டையும் துண்டுபட்ட காட்டுத் திட்டுகளையும் ஒப்பிட்டார்கள். திட்டுகளில் மோனிட்டோ இல்லாமல் போயிருந்தது. அதோடு புல்லுருவி விதைகள் பரவுவதும் சரிந்திருந்தது. மரத்திலிருந்து மரத்துக்குத் தாவிச் செல்லும் விலங்குக்கு மேய்ச்சல் நிலமோ அகலமான சாலையோ எளிதில் கடக்க முடியாத தடை. பறவை ஒன்று வந்து அந்த இடத்தை நிரப்பியிருக்கலாமே என்று நினைக்கலாம், அப்படி நிரப்பவில்லை. அங்கே கோடைக்கு வரும் பழந்தின்னிப் பறவைகள் இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் பச்சையாகவே தொங்கும் அந்தப் பழத்தின் விதைகளைப் பரப்புவதில் அவற்றின் பங்கு மிகக் குறைவு.

நேரடியாக விலங்கைத் தொடாமலேயே உறவைக் குலைக்கவும் முடியும். பாரிலோச்சே நகரை ஒட்டிய நாவெல் ஊவாப்பி ஏரியைச் சுற்றியுள்ள காடுகளில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மான்களும், காட்டில் மேயவிடப்படும் கால்நடைகளும் மாக்கி போன்ற சிறுமரங்களைத் தளிரிலேயே மேய்ந்துவிடுகின்றன. புல்லுருவி ஒட்டிக்கொள்ளும் முக்கியமான மரம் மாக்கி. அது குறைந்தால் புல்லுருவி குறைகிறது, அதன் தேனை நம்பும் ரீங்காரச் சிட்டும் அதன் பழத்தை நம்பும் மோனிட்டோவும் குறைகின்றன. 2013இல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் தொடர்ச்சியைப் படிப்படியாகக் காட்டியது. மோனிட்டோவைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அச்சுறு நிலையை அண்மித்த இனமாகப் பட்டியலிட்டிருப்பதற்கு வேட்டை காரணமல்ல; காடு குறைவதும் துண்டாவதும்தான் காரணம். வீட்டுப்பூனைகளால் வரும் இழப்பையும் இதில் சேர்க்க வேண்டும். வீட்டுக்குள் மோனிட்டோ நுழைந்தால் கேடு வரும் என்று அஞ்சி வீட்டையே கொளுத்தியவர்களைப் பற்றிய கதைகள் சிலியில் உண்டு. அவற்றைக் கட்டுரைக்குக் கட்டுரை படியெடுப்பதைவிட, மேய்ச்சலைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் நல்லது.


மறுமொழி: இரவாடி

விதைமுளைக்கு ஒரு சிறு சேர்க்கை. தென் சிலியின் வால்டிவியா பகுதியில் யூக்கலிப்டஸ் தோட்டங்களிலும் மோனிட்டோ பதிவாகியிருக்கிறது. ஆனால் அவை பராமரிக்காமல் விடப்பட்ட, மரங்களுக்கு அடியில் உள்நாட்டுச் செடிகளும் மூங்கிலும் மீண்டும் மண்டிவிட்ட தோட்டங்கள். அடிமட்டத்தைச் சுத்தமாக வெட்டி வைத்திருக்கும் தோட்டங்களின் கதை வேறு. மேலே நிற்கும் மரம் எது என்பதைவிட, இடையில் ஏறிச் செல்லப் பின்னிப் பிணைந்த கொப்புகள் இருக்கின்றனவா என்பதே இந்த விலங்குக்கு முக்கியம்.

கணக்கெடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பிவலைப் பொறியில் வாழைப்பழம், ஆப்பிள் போன்றவற்றை இரையாக வைத்து, தரையிலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்தில் கிளையோடு கட்டி வைப்பதுதான் வழக்கமான முறை. அதே பொறியைத் தரையில் வைத்துவிட்டு, பெரும்பாலும் எலிகளே பிடிபட்டதைப் பார்த்து மோனிட்டோ இல்லை என்று முடிவு கட்டினால் அது பிழையாகிவிடும். குளிர்காலத்தில் பொறி வைத்தாலும் அதே சிக்கல்தான்.


காட்டோரம்:

என் கேள்விகளுக்கு எதிர்பார்த்ததைவிட நிறைவான விடைகள் கிடைத்தன. கடைசியாக ஒன்று: ஒரு காட்டுத் திட்டில் புல்லுருவிச் செடிகள் நன்றாகப் பூத்துக் காய்த்திருப்பதைக் கண்டால், அங்கே மோனிட்டோ இருக்கிறது என்று கொள்ளலாமா?


மறுமொழி: விதைமுளை

கொள்ள முடியாது. வளர்ந்த புல்லுருவி தான் ஒட்டியிருக்கும் மரம் உயிரோடு இருக்கும்வரை பல ஆண்டுகள் வாழக்கூடியது. சிட்டு வந்துகொண்டிருந்தால் அது வழக்கம்போல் பூக்கும், காய்க்கும். மோனிட்டோ மறைந்து ஆண்டுகள் ஆன பின்னும் அந்தத் திட்டு வெளிப்பார்வைக்கு நலமாகவே இருக்கும். கோடையின் கடைசியில் போய், பெரிய செடிகளை விட்டுவிட்டு, அவற்றைச் சுற்றியுள்ள மாக்கி மரங்களின் மெல்லிய கிளைகளைத் திருப்பிப் பாருங்கள். புதிதாக ஒட்டிய விதைச் சரங்களும், இரண்டு மூன்று இலைகளோடு நிற்கும் நாற்றுகளும் இருந்தால் விலங்கு அங்கே இருக்கிறது. பழங்கள் பறிக்கப்படாமல் செடியிலேயே வதங்கித் தொங்கி, கிளைகள் வெறுமையாக இருந்தால், பொறி வைப்பதற்கு முன்பே விடை பெரும்பாலும் தெரிந்துவிடும்.